கோத்தகிரி: ரயில் ஏறாத மலையூர்

நீலகிரி மலையின் கிழக்கு ஓரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் சுமார் 33 கிலோமீட்டர். ஊட்டியும் குன்னூரும் முப்பது கிலோமீட்டருக்குள். மலைமேல் உள்ள இந்த மூன்று ஊர்களில் இதுதான் சிறியது. வெளியூர்க்காரர்கள் கடைசியாக நினைத்துக்கொள்வதும் இதைத்தான். ஆனால் நீலகிரியில் ஆங்கிலேயர் முதல் வீடு கட்டியது இங்கேதான். காப்பியும் இந்தச் சரிவுகளுக்கு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. ஊருக்குப் பெயர் தந்த கோத்தர்களோ, இவை எல்லாவற்றுக்கும் பல தலைமுறை முன்பிருந்தே இங்கே வாழ்கிறவர்கள். முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்டப்பட்ட ஊர் இது. இன்று இங்கே கிடைக்கும் அமைதிக்கு அந்த ஓரங்கட்டலே காரணம்.

ஊரின் தட்பவெப்பமும் தனி ரகம். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் அதை ஒட்டிய மலைகளும் மேற்கே நின்று தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தைத் தடுத்துவிடுகின்றன. ஆனி, ஆடியில் கூடலூரிலும் அவலாஞ்சியிலும் மழை கொட்டித் தீர்க்கும்போது கோத்தகிரியில் காற்றும் சாரலும் மூடுபனியுமாக நாள் நகரும். இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தோடு வருகிறது. ஊட்டியைவிட சுமார் 400 மீட்டர் தாழ்வாக இருப்பதால் குளிரும் கொஞ்சம் மட்டுத்தான். மார்கழி இரவுகளைக்கூட ஒரு கம்பளியோடு சமாளித்துவிடலாம். உடல்நலம் தேறுவதற்காக மலையேறிய 19-ஆம் நூற்றாண்டு வெள்ளையர்கள் இந்த ஊரை விரும்பியதற்கு இந்த மிதமான குளிரே முதல் காரணம்.

மலைப்பாதை

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைத் தாண்டியதும் குன்னூர்ச் சாலையும் கோத்தகிரிச் சாலையும் பிரிகின்றன. குன்னூர்ப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக வரும். கோத்தகிரிப் பாதை மலையின் விலாவை ஒட்டி நிதானமாக ஏறுகிறது. அடிவாரத்துக் காடு வறண்டது, முட்புதர் மண்டியது. கொஞ்சம் ஏறினால் குஞ்சப்பனை. இருளர், குறும்பர் குடியிருப்புகள் உள்ள இந்தப் பகுதியில் பலா மரங்கள் ஏராளம். கோடையில் பலா பழுக்கத் தொடங்கியதும் சமவெளிக் காடுகளிலிருந்து யானைகள் குட்டிகளோடு ஏறி வந்துவிடும். அந்த மாதங்களில் யானை சாலையைக் கடக்கும்வரை வண்டிகளை நிறுத்திக் காத்திருப்பது இந்தப் பாதையில் வாடிக்கை. வனத்துறையினர் முன்னும் பின்னும் வண்டிகளை மறித்து நிற்பதையும் காணலாம்.

மேலே ஏற ஏற பாக்கும் பலாவும் மறைந்து, சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் தேயிலையும் தொடங்குகின்றன. அரவேனு என்ற சிறிய கடைவீதி ஊரை எட்டுவதற்கு முன் வருகிறது. அதன் அருகே சுமார் 250 அடி உயரத்திலிருந்து விழுகிறது கேத்தரின் அருவி. இந்தப் பக்கத்து மலைவாழ் மக்களான படகர்கள் இதைக் கெத்தெஹாட ஹள்ள என்பார்கள். சேலம் கலெக்டராக இருந்து, ஏற்காட்டில் காப்பிச் செடியை அறிமுகப்படுத்திய எம்.டி. காக்பர்னின் மனைவி பெயரே அருவிக்கு வைக்கப்பட்டது. காக்பர்ன் குடும்பம் பின்னர் கோத்தகிரியில் நிலைத்துவிட்டது. அருவியின் முழு உயரத்தையும் பார்க்க, பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம், குன்னூர்ப் பக்கத்து டால்பின் நோஸ் காட்சிமுனைக்குத்தான் போக வேண்டும்.

சல்லிவன் கட்டிய வீடு

1818-இல் கோயம்புத்தூர் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் தணாயக்கன்கோட்டையிலிருந்து புறப்பட்டு மலைமேல் ஏறினார்கள். அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. அவர்கள் சொன்ன செய்தியைக் கேட்டு, 1819 சனவரியில் கலெக்டர் ஜான் சல்லிவனே மலையேறினார். கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டிப் பகுதியில் தங்கிய அவருக்கு இடம் பிடித்துவிட்டது. அதே ஆண்டில் கன்னேரிமுக்கு கிராமத்தில் வீடும் எழுந்தது. நீலகிரியின் முதல் நவீனக் கட்டடம் அதுதான்.

பெத்தக்கல் பங்களா என்று அழைக்கப்படும் அந்த வீடு இன்றும் இருக்கிறது. கேட்பாரற்று இடிந்து கிடந்ததை 2002-இல் மாவட்ட நிர்வாகம் சீரமைத்தது. இப்போது நீலகிரி ஆவணக் காப்பகமும் அருங்காட்சியகமும் அங்கே செயல்படுகின்றன. ஆடம்பரம் எதுவும் இல்லாத மாடி வீடு. சுற்றிலும் தேயிலை, அப்பால் ஹட்டி எனப்படும் படகர் கிராமம். பழைய படங்களும் வரைபடங்களும் பழங்குடியினரின் புழங்குபொருட்களும் உள்ளே வைக்கப்பட்டுள்ளன. மலையில் நடந்த மாற்றங்களின் வரிசையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் போகவேண்டிய இடம் இது. ஊட்டியின் கூட்டத்தில் அரை நாள் நிற்பவருக்கு இங்கே ஒரு மணி நேரம் செலவிட மனம் வராமல் போவது வருத்தத்துக்குரியது.

சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு மலைமேல் ஏறும் முதல் பாதை, மக்பெர்சன் என்ற படை அதிகாரியின் மேற்பார்வையில் 1820-களின் தொடக்கத்தில் போடப்பட்டது. நோய்ப்பட்ட அதிகாரிகளும் பாதிரியார்களும் அதன் வழியே ஏறி வந்து திம்பட்டியில் தங்கினார்கள். பாளையங்கோட்டையில் பணியாற்றிய பாதிரியார் ஜேம்ஸ் ஹஃப் நீலகிரியின் தட்பவெப்பம் பற்றி எழுதிய கடிதங்கள் 1829-இல் நூலாக வந்தன.

ஆனால் அதற்குள் சல்லிவனின் மனம் மேற்கே போய்விட்டது. 1820-களின் தொடக்கத்தில் அவர் உதகமண்டலத்தில் கல்வீடு கட்டத் தொடங்கினார். அரசாங்கமும் அவர் பின்னால் போனது. 1830-களில் குன்னூர் வழியே புதிய மலைப்பாதை திறக்கப்பட்டதும் சிறுமுகைப் பாதையின் மவுசு குறைந்தது. பின்னாளில் சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகர் என்ற தகுதி ஊட்டிக்குக் கிடைத்தது. மலை ரயில் 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. கோத்தகிரிக்கு வரவேயில்லை. ஊட்டியில் எழுந்த பெரிய ஓட்டல்கள், குதிரைப் பந்தயத் திடல், படகு ஏரி போன்ற எதுவும் இங்கே வரவில்லை.

ஊருக்குள்

கோத்தகிரியின் கடைவீதி ஒரு காலை நடைக்குள் அடங்கிவிடும். பேருந்து நிலையம், மார்க்கெட் திடல், ராம்சந்த் சதுக்கம், ஜான்ஸ்டோன் சதுக்கம், டானிங்டன் என்று ஏற்ற இறக்கமாகப் போகிறது சாலை. ஆங்கிலேயர் பெயரும் வணிகர் பெயரும் நாக்கில் பழகி ஊர்ப்பெயர்களாகிவிட்டன. காய்கறிக் கடைகளில் கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், மலைப்பூண்டு. கம்பளி, ஸ்வெட்டர், குடை விற்கும் கடைகள். பேக்கரிகளில் அடுக்கடுக்காக மொறுமொறுக்கும் வர்க்கி. ஊட்டி வர்க்கி என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் தின்பண்டம் நீலகிரி முழுவதற்கும் பொதுச்சொத்து. சூடான தேநீரோடு சேர்ந்தால்தான் அதற்கு முழு ருசி. சந்தைக்கு வரும் வயதான படகப் பெண்கள் வெள்ளை முண்டும் வெள்ளைப் போர்வையும் தலைத்துணியுமாக, கூட்டத்தில் தனித்துத் தெரிவார்கள்.

நேரு பூங்கா நகரின் நடுவில் இருக்கிறது. மே மாதம் கோடைவிழாவையொட்டி இங்கே காய்கறிக் கண்காட்சி நடக்கும்; மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் மட்டும் வந்துபோகும் இடம். பூங்காவுக்குள்ளேயே கோத்தர்களின் கோயில் ஒன்று இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பூங்கா வருவதற்கு முன்பே அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்பதற்கு அந்தக் கோயில் சாட்சி.

பிரதான சாலையிலிருந்து விலகிப் போகும் கிளைச்சாலைகளில்தான் பழைய கோத்தகிரி ஒளிந்திருக்கிறது. தகரக் கூரையும் புகைபோக்கியும் உள்ள பங்களாக்கள், பாசி படர்ந்த கல்சுவர்கள், தேவாலயங்கள், கல்லறைத் தோட்டங்கள். இங்கே வாழ்ந்து முடித்தவர்களில் இருவரைக் குறிப்பிட்டாக வேண்டும்.

காசியில் சமஸ்கிருதக் கல்லூரி முதல்வராக இருந்த ரால்ஃப் கிரிஃபித், ஓய்வுபெற்ற பின் 1880-களில் கோத்தகிரியில் சகோதரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வால்மீகி ராமாயணத்தை ஏற்கெனவே ஆங்கிலச் செய்யுளில் தந்திருந்தவர் அவர். ரிக் வேத மொழிபெயர்ப்பின் முன்னுரையில் 1889 மே மாதத் தேதியோடு கோத்தகிரி, நீலகிரி என்று கையொப்பமிட்டிருக்கிறார். அடுத்த பத்தாண்டுகளில் சாமம், அதர்வணம், சுக்ல யசுர் என்று மீதி வேதங்களும் அவர் கையால் ஆங்கிலத்துக்குப் போயின. 1906-இல் இங்கேயே மறைந்தார். அந்த மொழிபெயர்ப்புகள் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. அவற்றின் பெரும்பகுதி உருவான ஊரில் அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

மற்றவர் மார்கரெட் காக்பர்ன், கேத்தரின் அருவியின் பெயருக்குரியவரின் மகள். 1829-இல் பிறந்த இவர் ஏறக்குறைய நூறு வயதுவரை வாழ்ந்து 1928-இல் காலமானார். கோத்தகிரியின் பறவைகளையும் செடிகொடிகளையும் வண்ணப்படங்களாக வரைந்தார். கூடுகள், முட்டைகள், வலசை வரும் காலம் என்று தாம் கவனித்தவற்றைப் பறவையியலாளர் ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு எழுதி அனுப்பினார். அவருடைய ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. 1860-களில் தம்முடைய ஆல்போர்ட்ஸ் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டு, இந்தப் பக்கத்துத் தேயிலைக்குத் தொடக்கம் செய்தவரும் அவரே.

கோத்தர்களும் படகர்களும்

கோத்தர்களின் குடியிருப்புகள் நீலகிரியில் மொத்தம் ஏழு. அவற்றில் ஒன்று கோத்தகிரியை ஒட்டியே இருக்கிறது. மண்பாண்டம், கொல்லு, தச்சு, இசை நான்கும் இவர்கள் கைவசம். தோடர்கள் பால்பொருட்களையும் படகர்கள் தானியத்தையும் குறும்பர்கள் தேன் முதலான வனப்பொருட்களையும் கொடுக்க, கோத்தர்கள் இரும்புக் கருவிகளையும் பானைகளையும் கொடுத்தார்கள். தோடர், படகர் வீட்டுச் சாவுக்கும் சடங்குக்கும் கோத்தர் வாசிக்கும் குழலும் கொம்பும் பறையும் வேண்டும். மலையில் பணப்புழக்கம் பெருகும்வரை நெடுங்காலம் இயங்கிய ஏற்பாடு இது. பானை வனைவது பெண்களின் வேலை. இன்றும் சிலர் செய்கிறார்கள்.

தமிழோடு நெருங்கிய உறவுடைய இவர்களது கோத்த மொழிக்கு எழுத்து கிடையாது. மொழியியலாளர் மர்ரே எமனோ 1930-களின் பிற்பகுதியில் நீலகிரியில் தங்கி அவர்களது கதைகளையும் சடங்குப் பேச்சுகளையும் பதிவு செய்தார். 1940-களில் வெளிவந்த அந்தத் தொகுப்பு திராவிட மொழி ஆய்வின் அடிப்படை நூல்களில் ஒன்று. அய்யனோர், அம்மனோர் கோயில்களில் சனவரியில் நடக்கும் ஆண்டுத் திருவிழாவில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே வட்டமிட்டு ஆடுவார்கள். கோயிலுக்குள் போகவும் படமெடுக்கவும் வெளியாருக்குக் கட்டுப்பாடு உண்டு. அவர்களாக அழைத்தால் ஒழிய, ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை.

கோத்தகிரியைச் சுற்றியுள்ள பெரும்பாலான கிராமங்கள் படகர்களுடையவை. ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கும் வீடுகள், முன்னால் பொதுவான முற்றம், கோயில் என்பது ஹட்டியின் பழைய அமைப்பு. டிசம்பர் கடைசியிலும் சனவரித் தொடக்கத்திலும் வரும் ஹெத்தையம்மன் திருவிழா இவர்களின் தலையாய பண்டிகை. குலத்தின் மூதாட்டியே இங்கே தெய்வம். பேரகணியில் உள்ள கோயிலுக்கு, விரதமிருந்த பக்தர்கள் வெள்ளுடையில், கையில் கோலேந்தி, கிராமம் கிராமமாக நடந்தே வருவார்கள். கோத்தகிரி பரபரப்பாகும் நாட்கள் அவை.

தேயிலையும் காடும்

முன்பு ராகியும் சாமையும் உருளைக்கிழங்கும் விளைந்த மேட்டுநிலம் கடந்த நூற்றாண்டில் பெரும்பாலும் தேயிலைக்கு மாறியது. பெரிய எஸ்டேட்டுகள் ஒருபக்கம் இருந்தாலும், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலையில் பெரும்பங்கு சிறுவிவசாயிகளுடையது. ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர் பறித்த கொழுந்தை அன்றைக்கே தொழிற்சாலையில் சேர்த்தாக வேண்டும், இல்லையென்றால் வீண். தொழிற்சாலையில் இலையை வாட்டி, நசுக்கி, காற்றில் நிறம் மாறவிட்டு, உலர்த்திச் சலிக்கிறார்கள். நாலரைக் கிலோ அளவு பசுந்தேயிலை ஒரு கிலோ தூளாகச் சுருங்கும். விலையைக் குன்னூர் ஏலம் தீர்மானிக்கிறது. கூலி, உரச் செலவுக்கே கொழுந்து விலை போதவில்லை என்பது சிறுவிவசாயிகளின் நெடுநாள் குறை. 2023-இல் கட்டுப்படியாகும் விலை கேட்டு இங்கே தொடர் உண்ணாவிரதம் நடந்தது. கொழுந்து பறிக்கும் கைகளில் இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகளும் உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தோட்டத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதன் கோட்டங்களில் ஒன்று கோத்தகிரி.

தேயிலையின் ஒரே சீரான பச்சைக்கு நடுவே, பழைய மலை எப்படி இருந்தது என்பதைக் காட்டும் ஓர் இடம் மிஞ்சியிருக்கிறது. நகரிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர் காப்புக்காடு. மடிப்புகளில் ஈரம் தேங்கும் இடமெல்லாம் குட்டையும் முறுக்குமாக மரங்கள் நெருங்கி நிற்க, கிளைகளில் பாசியும் ஆர்க்கிடும் தொங்குகின்றன. மரப்பெரணிகள் ஓடையோரம் குடைவிரிக்கின்றன. உதிர்ந்த இலை மக்கிய மண் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகிறது. கீழே பதினைந்துக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குக் குடிநீர் தருவது இந்தச் சோலைதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவையினங்களில் பாதிக்கு மேல் இங்கே காணக் கிடைக்கின்றன. நீலகிரிச் சிரிப்பானும் நீலகிரிக் காட்டுப்புறாவும் அவற்றில் அடக்கம். 2024 சனவரியில் ராம்சார் சாசனத்தின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக இது அறிவிக்கப்பட்டது. விறகுக்காக வெட்டப்பட்டுத் தேய்ந்துகொண்டிருந்த காட்டை உள்ளூர்த் தன்னார்வலர்களின் காவல்குழு வனத்துறையோடு சேர்ந்து பல ஆண்டுகளாகக் காத்ததால்தான் இந்தப் பெயர் கிடைத்தது. அனுமதி பெற்று, சத்தமில்லாமல் உள்ளே போக வேண்டும்.

காடும் தோட்டமும் இப்படிப் பின்னிக் கிடப்பதால் விலங்குகளும் ஊருக்குள் வருகின்றன. தேயிலைக்கு நடுவே மேயும் காட்டெருமைக் கூட்டம் அன்றாடக் காட்சி. கரடிகள் இரவில் கடைக் கதவை உடைத்து எண்ணெயும் இனிப்பும் தேடுவது அடிக்கடி செய்தியாகிறது. பொழுது சாய்ந்த பின் தோட்டச் சாலைகளில் தனியாக நடக்கக் கூடாது என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிழக்கே, மலை முடியும் இடத்தில்

கோத்தகிரியிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் கோடநாடு காட்சிமுனை. அங்கே மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. பல நூறு மீட்டர் கீழே மாயாறு வளைந்தோடுகிறது. எதிரே சத்தியமங்கலம் காடுகள், தொலைவில் பவானிசாகர் நீர்த்தேக்கம். ஒருபுறம் ரங்கசாமி சிகரமும் அதனருகே தனித்து எழும் பாறைத்தூணும். இரண்டும் இருளர்களுக்குப் புனிதமானவை. பள்ளத்தாக்கின் அடியில் வயல்களும் வீடுகளுமாகத் தெரியும் தெங்குமரஹாடா, கணக்குப்படி கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த கிராமம். ஆனாலும் அங்கே போகவேண்டுமானால் மலையிறங்கி, பவானிசாகர் பக்கம் சுற்றி, காட்டுவழியே சென்று, மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முன் வந்தால் மூடுபனி குறுக்கிடாமல் இவ்வளவையும் பார்க்கும் வாய்ப்பு அதிகம். கீழ்க்கோத்தகிரிக்கு அப்பால் கரிக்கையூர்ப் பகுதியில் பழங்காலப் பாறை ஓவியங்களின் பெருந்தொகுதி ஒன்று உள்ளது. காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதியின்றிச் செல்ல முடியாது.

மழைக்காலத்தில் இந்தச் சரிவுகள் ஆபத்தானவை. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரி முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோத்தகிரிச் சாலைகள் துண்டிக்கப்பட்டன. செங்குத்தான சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்புவதும் ஓடைவழிகளை அடைப்பதும் இத்தகைய சேதத்தைப் பெருக்குகின்றன. தங்கும் விடுதிகள் பெருகிவரும் இந்த ஊரில் மலைப்பகுதிக் கட்டட விதிகளைக் கறாராக நடைமுறைப்படுத்துவது அவசியம்.

சாவகாசமாகப் பார்க்க விரும்புவோருக்குச் சனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம்: வானம் தெளிந்திருக்கும், கூட்டம் இராது. அக்டோபர், நவம்பரைத் தவிர்ப்பது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்குச் செல்லும் வண்டிகளைக் குன்னூர் வழியே ஏற்றிக் கோத்தகிரி வழியே இறக்குவதால், இந்த ஊர்ச் சாலைகளும் நெரிசலாகிவிடும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல், சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ நீலகிரிக்கு வரும் வெளிமாவட்டத்தார் இ-பாஸ் பதிவு செய்ய வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து நாள் முழுவதும் ஓடும் அரசுப் பேருந்தில் வருவோருக்கு அது தேவையில்லை.